லைசென்ஸ் வந்த பிறகும் இடதுபக்கம் உட்காருகிறவனுக்கு

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள். இத்தனை மாதமாக நாம் இரண்டு பேரும் ஒரே வேனில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறி இறங்கியிருக்கிறோம். அத்தனை தூரத்திலும் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கியரை மாற்று, ஓரமாக வா, ஆரன் அடி என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியும், நீ வாயை மூடிக்கொண்டு வா என்று நான் சொல்வேன். அதற்கு மேல் பேச இரண்டு பேருக்கும் வரவில்லை. உன் அம்மா இருந்தவரைக்கும் நாம் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். அவள் போன பிறகு நடுவில் ஆளில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாளைக் காலையில் கண் முகாம் பஸ் வருகிறது. ஊரில் இன்னும் சில பேரோடு என்னையும் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் முடித்துத் திரும்பவும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். சும்மா கண்ணைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். சும்மா இல்லை. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. இது உனக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாய். ஆபரேஷன் முடிந்து வந்தாலும் டாக்டர் சொல்கிறவரைக்கும் நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. நாளைக்கு மலைக்குப் போகவேண்டிய அரிசியும் மளிகையும் ஏற்றித் தார்ப்பாய் கட்டி வேன் வாசலில் நிற்கிறது. ஓட்டவேண்டியவன் நீ. லைசென்ஸும் கைக்கு வந்தாயிற்று. நீ வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறுவாயா மாட்டாயா என்பதுதான் இப்போது இந்த வீட்டின் கேள்வி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அதை ஒருமுறை என் வாயால் சொல்ல வேண்டும். அன்றைக்கு மலையில் உன் சிநேகிதன் வீட்டில் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாய். மருமகள் மலர்தான் புதுக் கவுன் போட்டுவிட்டு, தலையில் கனகாம்பரம் வைத்து அனுப்பினாள். நீ விருந்தில் குடித்தாய். குடித்துவிட்டு, நாலு வயதுப் பிள்ளையைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கி வந்தாய். அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியது. நீ போன் பண்ணி, நான் மொபெட்டில் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது வேன் சாவி எஸ்.ஐ. கையில் இருந்தது. பாப்பா நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு, ஒரு பெண் போலீஸ் வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"தாத்தா, போலீஸ் மெஷின்ல நானும் ஊதினேன். எனக்கு முட்டதான் வந்துச்சி. அப்பாவுக்குத்தான் ஜாஸ்தி நம்பரு. அப்பா ஜெயிச்சிடுச்சி" என்றாள்.

அவளும் ஊத வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள், பாவம் என்று அவர்களும் விட்டிருக்கிறார்கள். அவள் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் போலீஸே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை சும்மா இருந்தாளா? தெருவில் ஒரு வீடு விடாமல் போய் அப்பா ஜெயித்த கதையைச் சொல்லிவிட்டு வந்தாள். மலர் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, பாப்பாவைக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினாள். ரொம்ப நேரம் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கே யோசித்தேன். மலையில் எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம், என் பையன் தண்ணி போட்டுவிட்டு ஓட்டினாலும் வளைவில் டயர் கோட்டைத் தாண்டாது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான்தானே. நீ ஒருநாளும் மோதாமல் வந்து சேர்ந்ததை உன் திறமை என்று நினைத்தேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனதால் தப்பித்தோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. கள்ளக்குறிச்சி என்று சொன்னாலே வெளியூர்க்காரன் அடுத்து விஷச்சாராயச் சாவைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என் பிள்ளை குடித்துவிட்டு நன்றாக ஓட்டுவான் என்று சொல்லியிருக்கிறேன் பார், என்னை என்ன செய்வது.

கோர்ட்டில் அபராதம் கட்டினோம். லைசென்ஸை ஆறு மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமையே உன்னை முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கயிறு கட்டவைத்தேன். நம் பக்கத்தில் குடியை விடுகிறவனுக்கு டாக்டரெல்லாம் அப்புறம்தான், முதலில் கயிறு. இன்ன நாள்வரைக்கும் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தால் பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டுவார். கையில் அது இருக்கிறவனை எவனும் குடிக்கக் கூப்பிட மாட்டான். எப்பேர்ப்பட்ட தண்ணிவண்டியும் சாமி குத்தத்துக்குப் பயந்து விலகிப் போய்விடுவான். எவ்வளவு நாளைக்கு என்று பூசாரி கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, ஆறு மாதம், லைசென்ஸ் வருகிறவரைக்கும் என்றேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. மலர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வண்டி ஓட்டாத நாளெல்லாம் கையில் கயிறு இருக்கும், வண்டியைத் திரும்ப எடுக்கிற நாளில் கயிறு அவிழ்ந்துவிடும். இதைவிடப் புத்திகெட்ட ஏற்பாட்டை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது. அதுகூட அப்போது எனக்குப் புரியவில்லை.

அப்புறம் நான் டிரைவர் ஆன கூத்து. என் பழைய லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். கரும்பு டிராக்டர் ஓட்டிய கை, மலைப்பாதையில் எப்படி வளையும்? நான் வேனை எடுத்தால் பின்னால் டவுன் பஸ், லாரி, பைக் எல்லாம் ஊர்வலம் மாதிரி வரும். கரியாலூர்க் கடைக்காரர் ஒருநாள் உன்னைப் பார்த்து, "இன்னாப்பா, உங்க அப்பா வண்டிய தள்ளிக்கினே வந்தாரா?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. கிளீனர் மாதிரி இறங்கி மூட்டையைத் தூக்கினாய், வேனைப் பின்னால் எடுக்கும்போது நின்று சைகை காட்டினாய், டயருக்குக் கல் போட்டாய். மலைக்கு ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு போனவன், தெரிந்தவர்கள் கண் முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை நீ. அந்த நாட்களில் எனக்கு உன்மேல் வந்த பிரியம் நீ பிறந்தபோதுகூட வந்ததில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் உன்னைக் கியர் விஷயத்தில் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆறு மாதம் முடிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொன்ன வகுப்பிலும் போய் உட்கார்ந்துவிட்டு வந்து லைசென்ஸை வாங்கினாய். நான் என்ன செய்தேன்? கயிறு அவிழ்க்கிற நாள் என்று கோழி அடித்து உறவுக்காரர்களைக் கூப்பிட்டேன். கயிறு முடிந்தால் விருந்து வைப்பது வழக்கம்தானே என்று நினைத்தேன். உன் மாமா மோட்டார் கொட்டகையில் பாட்டில்களை ஒளித்து வைத்திருப்பது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. குடியை விட்டதைக் கொண்டாட ஊரையே குடிக்கக் கூப்பிட்ட அப்பன் நான். எல்லோரும் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ சாப்பிட்டாய், கை கழுவினாய், "நான் கயித்த அவுக்கல மாமா, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். மாமாவுக்குக் கோபம். எனக்குமே கொஞ்சம் வருத்தம்தான், வந்தவர்களை அவமானப்படுத்திவிட்டானே என்று. இப்போது அந்த வருத்தத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் மறுநாளும் நீ வலதுபக்கம் ஏறவில்லை. லைசென்ஸை பீரோவில் வைத்துவிட்டு வழக்கம்போல் இடதுபக்கம் வந்து உட்கார்ந்தாய். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கேட்டால், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாய். நோகாமல் உட்கார்ந்து வருகிற சுகம் கண்டுவிட்டான் என்று நான் நினைத்தேன், உன் முகத்துக்கு நேராகவே சொல்லவும் சொன்னேன். நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

போன வாரம்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. மலையிலிருந்து புளியும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் திரும்பும்போது சாயங்கால வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. தம்பி, அந்த நேரத்தில் எனக்கு ரோடே தெரியவில்லை. எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக் கைப்பிரேக்கை இழுத்தாய். வேன் நின்றபோது உன் பக்கத்துச் சக்கரம் ரோட்டின் ஓரத்தை விட்டு மண்ணில் இறங்கியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கீழே மரங்களின் தலை தெரிந்தது. கண் தெரியவில்லையா என்றுகூட நீ கேட்கவில்லை. "கொஞ்சம் பின்னாடி எடுப்பா. கட இருக்குது, டீ குடிச்சிட்டு போலாம்" என்றாய். என் மானத்தை நீ அப்படிக் காப்பாற்றினாய்.

டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். இனிமேல் நீயே ஓட்டு என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்.

"மலரு உன்னான்ட சொன்னத நான் கேட்டுட்டேன்பா. லைசென்ஸ் இல்லாத ஆறு மாசந்தான் பயமில்லாம தூங்கினேன்னு சொல்லிச்சே. பாப்பாவ கூட்டிக்கினு அது என் வண்டில ஏறட்டும். அதுக்கப்பறம் ஓட்டறேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. லைசென்ஸ் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மலர் துணி மடித்துக்கொண்டே அதைச் சொன்னாள். எல்லோரும் லைசென்ஸ் வரப்போகிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள், எனக்குத்தான் திரும்பவும் தூக்கம் போகப்போகிறது என்றாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, எல்லாம் சரியாகப் போய்விடும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். நீ சுவருக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் கழுவிக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அந்த ஒரு வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் இடதுபக்கம் உட்கார்ந்து வந்திருக்கிறாய்.

இந்த இடத்தில் உன்னைக் கொஞ்சம் கண்டித்துவிடுகிறேன், பிறகு இதைப் பேச மாட்டேன். வெயில் இறங்குகிறவரைக்கும் காத்திருந்து, அதன்பிறகு நான்தான் வேனைக் கீழே கொண்டுவந்தேன். வழியெல்லாம் உன் கை பிரேக்கில் இருந்தது. கண் தெரியாதவன் ஓட்ட, கண் தெரிந்தவன் ரோஷத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். எதிரில் வருகிறவனுக்கு, ஓட்டுகிறவன் குடித்திருந்தால் என்ன, கண் அவிந்திருந்தால் என்ன? மலையில் எத்தனையோ பிள்ளைகள் அந்த ரோட்டில் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். கண் தெரியாததை மறைத்துக்கொண்டு ஓட்டியது நான் செய்த தப்பு, உன் தப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. உன்னை நீயே தண்டித்துக்கொள்வது நல்ல மனசுதான். அதற்காக ரோட்டில் போகிறவர்களைப் பணயம் வைக்கக் கூடாது. சக்கரத்தைப் பிடிக்கத் தகுதியானவன் பிடிக்க வேண்டும், தகுதியில்லாதவன் இறங்க வேண்டும். அன்றைக்கு நான் இறங்கியிருக்க வேண்டும், நீ ஏறியிருக்க வேண்டும்.

கயிற்றைப் பற்றியும் ஒன்று. அது உன் கையில் நைந்துபோய்த் தொங்குகிறது. என்றைக்காவது மூட்டை தூக்கும்போது தானாக அறுந்து விழும். அன்றைக்கும் எவனாவது வந்து, அதான் கயிறு போயிடுச்சே என்று கூப்பிடுவான். அப்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது, வாயால்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிப் பழகு. முடியவில்லை, மனசு இழுக்கிறது என்றால் என்னிடம் சொல். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று டாக்டர் இருக்கிறார், நான் கூட வருகிறேன். என் கண்ணைக் காட்ட நான் போகவில்லையா, அந்த மாதிரிதான் இதுவும். முன்னாலேயே உன்னை அங்கே கூட்டிப்போயிருக்க வேண்டும்.

இன்றைக்கு மத்தியானம் மலரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கண்ணை, அந்த வளைவை, டீக்கடையில் நீ சொன்னதை, உனக்குக் கடிதம் எழுதப்போவதை, ஒன்றும் விடாமல் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவே இல்லை. கேட்டாளா இல்லையா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. புடைத்து முடித்து, உமியைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"நாளைக்கு பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு மாமா. நானும் பாப்பாவும் அவர்கூட மலைக்கி போய்ட்டு வர்றோம். நீங்க கவலப்படாம ஆபரேஷன் பண்ணிக்கினு வாங்க" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி வந்து, "எனக்கு பயம் போவல மாமா. பயத்தோடதான் ஏறுறேன். ஒருவாட்டி வாசன வந்துச்சின்னா அங்கயே எறங்கிப்பேன், அப்பறம் ஏற மாட்டேன். நீங்க எழுதினா இதயும் எழுதிடுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. ஆபீஸில் கொடுத்தது வண்டி ஓட்டலாம் என்கிற அனுமதி. இவள் கொடுப்பது வேறு, அதைத் திரும்ப வாங்குவதற்கு எங்கேயும் வகுப்பு கிடையாது. உன்னைப் பெற்றவன் நான், எத்தனை தடவை விழுந்தாலும் உன்னை நம்பிவிடுவேன், அது எனக்குப் பெரிய காரியமில்லை. அவள் நம்புவது பெரிய காரியம். நாலு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நம்புவது அதைவிடப் பெரிய காரியம்.

பஸ் சீக்கிரமே வந்துவிடும். நீ எழுந்திருக்கும்போது நான் கிளம்பியிருப்பேன். சாவியை மலரிடம் கொடுத்திருக்கிறேன், அவள் கையால் வாங்கிக்கொள். வழியில் அவளிடம் சத்தியமெல்லாம் செய்யாதே, மன்னிப்புக் கேட்டு அழவும் செய்யாதே, பாப்பா பயந்துவிடும். நாளைக்கு நான் எங்கேயோ கட்டிலில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்ததும் அவளை எனக்கு ஒரு போன் போடச் சொல், அதுவரைக்கும் எனக்கு எதுவும் இறங்காது. அவள் பிள்ளையோடு ஏறிக் கதவைச் சாத்தியதும் ஒன்றும் பேசாதே. வண்டியை எடு.

உன் அப்பா